பச்சை மையில் ஒரு ஷிப்ட் ஆபீசர்

என் பழைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் போன வாரம் போன் செய்தாள். "மேடம், கம்பெனியில எல்லாருக்கும் டெசிக்னேஷன் மாத்துறோம். இனிமே ஹெல்ப்பர்னு யாருமே கிடையாது, எல்லாரும் டீம் மெம்பர். ஆபரேட்டர் எல்லாரும் ப்ராசஸ் எக்ஸிகியூட்டிவ். நாங்க ஆறு பேருமே புதுசு. உங்க அனுபவத்துலேர்ந்து நாலு வரி எழுதிக் குடுங்களேன்" என்றாள். குரலில் அவ்வளவு குஷி. ஊருக்கே புதுத்துணி எடுத்துக் கொடுக்கப் போகிற மாதிரி.

நாலு வரியில் முடியாதும்மா. நான் எழுதுவதைப் படித்துவிட்டு என்னை ஏன் கேட்டோம் என்று நீங்கள் ஆறு பேரும் தலையில் கை வைத்துக்கொள்ளலாம். பரவாயில்லை. கேட்டுவிட்டீர்கள், படியுங்கள்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மணலிக்கும் எண்ணூருக்கும் நடுவே, ரசாயனத்தைத் தொட்டிகளில் இறக்கி வைத்து டேங்கர் லாரிகளில் ஏற்றி அனுப்பும் அந்த யார்டில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தேன். சேரும்போது டைப்பிஸ்ட். பிறகு ஆபீஸ் அசிஸ்டென்ட் ஆனேன். பிறகு பர்சனல் அசிஸ்டென்ட். வெளியே வரும்போது எச்.ஆர். எக்ஸிகியூட்டிவ். நான்கு பெயர்களுக்கும் ஒரே மேஜை, ஒரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே அதே லாரி வரிசை. நாற்காலி மட்டும் ஒரு தடவை மாறியது. அதுவும் கால் உடைந்ததால்.

ராயபுரத்தில் என் அத்தா தையல்கடை வைத்திருந்தார். எனக்கு வேலை கிடைத்த அன்று கடைக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் "எம் பொண்ணு டைப்பிஸ்ட்டு" என்றார். அந்தச் சொல்லை அவர் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது. அப்புறம் கிடைத்த மூன்று பெயர்களையும் யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நம் ஏரியாவில் ஒரு ஆங்கிலப் பட்டம் என்றால் என்ன என்று நீங்கள் எச்.ஆர். படிப்பில் படித்திருக்க மாட்டீர்கள். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குக் கீழே ஒரு வரி இருக்கும், பாருங்கள், அந்த வரிக்காகவே இரண்டு வருஷம் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டவர்களை எனக்குத் தெரியும். சூப்பர்வைசர் என்றால் சட்டையில் எண்ணெய் படாதவர். இன்சார்ஜ் என்றால் எல்லோருடைய திட்டையும் சேர்த்து வாங்குகிறவர். ட்ரெய்னி என்றால் பேரன் எடுத்த பிறகும் நிரந்தரம் ஆகாதவர். அப்படி ஒருவர் நம் கேட்டில் இருந்தார், சிரிக்காதீர்கள். ஆபீசர் என்றால் வேறு. அது நம்மை நிற்க வைத்துவிட்டு உட்கார்ந்து பேசுகிறவரின் பெயர். ஹார்பர், போலீஸ் ஸ்டேஷன், ரேஷன் ஆபீஸ் எல்லாவற்றிலும் நம் ஜனங்கள் கைகட்டி நின்றது அந்தச் சொல்லுக்கு முன்னால்தான்.

தன்ராஜுக்கு அந்தப் பட்டத்தை டைப் அடித்துக் கொடுத்தவள் நான்.

தன்ராஜ் பம்ப் ஆபரேட்டர். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பு. தொட்டியிலிருந்து லாரிக்கு எந்தக் குழாயில் எவ்வளவு போக வேண்டும் என்பது அவர் கையில். பம்பைத் தொட்டுப் பார்த்தே அதற்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவார். அவரைப் போல ஏழு ஆபரேட்டர்கள். ஏழு பேரும் யூனியனில் இருந்தார்கள், தன்ராஜ் கமிட்டியிலேயே இருந்தார். இந்த ஏழு பேர் வால்வை மூடிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டால் மணலி ரோடு வரைக்கும் லாரி நிற்கும். இது எல்லோருக்கும் தெரியும். எங்கள் மேனேஜருக்கு நன்றாகவே தெரியும்.

அந்த மேனேஜர்தான் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். பெயர் வேண்டாம். நான் எழுதிய முதல் கடிதத்தில் பதினோரு தப்புகளைப் பென்சிலில் வட்டம் போட்டுக் காட்டியவர். திட்டவில்லை. "உக்காந்து இன்னொரு தடவ அடிங்கம்மா" என்றார். அத்தா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று வாரம் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர் மேல் எனக்கு இருந்த மரியாதை பொய்யில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் கதை எனக்குச் சாதகமாகிவிடும்.

அவர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு ஏழு ஆபரேட்டர்களையும் ஷிப்ட் ஆபீசராக மாற்றி ஆர்டர் தயார் பண்ணச் சொன்னார். "சம்பளம் கொஞ்சம் ஏத்துறோம். சந்தோஷப்படுவாங்க" என்றார். இந்த மாற்றத்தைக் கேட்டது யார் என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. யூனியன் கேட்கவில்லை. தன்ராஜ் கேட்கவில்லை. நீங்கள் ஆறு பேரும் உங்கள் மேஜையில் இருக்கும் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு முதலில் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். யார் கேட்டது?

ஆர்டரோடு வேலை விவரப் படிவம் ஒன்று சேர்க்க வேண்டும். அதில் ஆறு கட்டம். பம்ப் இயக்குவது, அளவு பார்ப்பது, பதிவேடு எழுதுவது என்று ஐந்து கட்டம் நிரப்பிவிட்டேன். ஆறாவது காலியாக நின்றது. காலியாக விட்டால் மேனேஜர் வட்டம் போடுவார். அலமாரியில் இன்னொரு பிரிவின் பழைய படிவம் இருந்தது. அதிலிருந்து ஒரு வரியை அப்படியே எடுத்துப் போட்டேன்: தனக்குக் கீழ் பணிபுரிவோருக்கு விடுப்பு வழங்குதல். தன்ராஜுக்குக் கீழே யாரும் கிடையாது. குழாய் மாட்ட உதவும் ஹெல்ப்பர்கள் காண்டிராக்டரின் ஆட்களும் கம்பெனி ஆட்களுமாகக் கலந்து வருவார்கள், போவார்கள். அது எனக்குத் தெரியும். ஆனாலும் கட்டம் நிரம்பிவிட்டது, வேலை முடிந்துவிட்டது, மூன்றரை மணி டீ வந்துவிட்டது.

ஆர்டரை வாங்க வந்த தன்ராஜ் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"மெய்யாலுமா மேடம்? ஆபீசர்னா போட்ருக்கீங்க?"

"மெய்யாலும்தான்."

"அப்ப வேல இன்னா மாறுது?"

"வேலை அதேதான் தன்ராஜ்."

"அப்ப ஆபீசர் இன்னாதான் பண்ணுவாரு?"

"கையெழுத்துப் போடுவார்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

பிறகு அவர் எட்டாவது ஷரத்தில் விரலை வைத்தார். "இது இன்னா மேடம், ஒரு மாச நோட்டீஸ்னு கீது?"

"அது எல்லா ஆபீசருக்கும் போடுறதுதான்" என்றேன். நான் சொன்னது உண்மை. எல்லா ஆபீசருக்கும் அதுதான் போடுவோம். ஆபரேட்டரை வேலையை விட்டு அனுப்ப வேண்டுமானால் குற்றச்சாட்டு எழுதிக் கொடுத்து, விசாரணை நடத்தி, அவர் பக்கம் பேச ஒருவரை அனுமதிக்க வேண்டும். ஆபீசருக்கு ஒரு மாத நோட்டீஸ் போதும். அந்த இரண்டாவது பாதியை நான் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. ஆபீசர் யூனியனில் இருக்கக்கூடாது என்று நான் சொன்னதும் சட்டைப்பையிலிருந்து யூனியன் கார்டை எடுத்துத் துடைத்து, மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஆறாவது கட்டத்தில் எழுதிவிட்டோமே என்று மேனேஜர் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்யச் சொன்னார். தன்ராஜ், ஷிப்ட் ஆபீசர். ஹெல்ப்பர்களின் லீவு லெட்டரெல்லாம் இனி அவர் கையெழுத்தும் சீலும் வாங்கிக்கொண்டு மேனேஜருக்கு வர வேண்டும். லீவு கொடுப்பதும் மறுப்பதும் வழக்கம்போல மேனேஜர்தான். தபால்காரர் கை மாற்றி விடுவது போல அவர் மாற்றிவிட வேண்டியது, அவ்வளவே.

தன்ராஜ் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. வண்ணாரப்பேட்டைக்குப் போய்ப் பச்சை மைப் பேனா ஒன்று வாங்கிவந்தார்.

"இன்னா தன்ராஜ், கெஜட்டட் ஆபீசர் ரேஞ்சுக்குப் போயிட்டீங்க?" என்று கிண்டல் செய்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "எங்க நைனா ஹார்பர்ல மூட்ட தூக்குனாரு மேடம். பச்ச இங்க்ல ஒர்த்தர் கையெழுத்து போட்டாத்தான் கேட்டு தொறக்கும். அந்தாளு டிபன் துன்னுட்டு வர்ற வரைக்கும் மூட்டயோட வெய்யில்ல நிப்பாங்களாம். நான் யாரையும் நிக்க வெக்க மாட்டேன். லெட்டர் வந்தா ஒடனே போட்டுருவேன்."

அப்படியே செய்தார். பம்பை விட்டு ஓடிவந்து, கையைக் கழுவி, துணியில் துடைத்து, பச்சை மையில் முழுப் பெயரையும் எழுதி, சீல் குத்திவிட்டு மறுபடி பம்புக்கு ஓடுவார். பள்ளிக்கூடப் படிவத்தில் தகப்பன் தொழில் என்ற இடத்தில் மகள் ஆபீசர் என்று எழுதினாளாம். அன்று ஆபீஸ் முழுக்கப் பால்கோவா கொடுத்தார். நானும் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

ஒரே ஒரு தடவை அவர் தன் பட்டத்தை நிஜமென்று நம்பி ஒரு காரியம் செய்தார். ஹெல்ப்பர் ஒருவர், என் வயதுக்காரர், மனைவிக்கு அன்று பகல் ஆபரேஷன் என்று லெட்டரோடு காலையில் வந்து நின்றார். மேனேஜர் மீட்டிங்கில் இருந்தார். தன்ராஜ் லெட்டரில் "லீவு கொடுக்கப்பட்டது" என்று பச்சை மையில் எழுதி, சீல் குத்தி, "நீ கெளம்பு மாமு, நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பிவிட்டார். மதியம் மேனேஜருக்கு விஷயம் தெரிந்தது. அந்த லெட்டரை எடுத்துக்கொண்டு பம்ப் இருக்கும் இடத்துக்கே போனார்.

"லீவு குடுக்க நீ யாருய்யா? ஆபீசர்னு பேரு வெச்சா ஆபீசராயிடுவியா? வால்வு திருப்புறவன் வால்வ திருப்பு!"

பதினைந்து பேர் பார்க்க இது நடந்தது. திரும்பி வந்த மேனேஜர் தன்ராஜின் எழுத்தைச் சிவப்பு மையில் குறுக்கே அடித்து, கீழே எழுதினார்: "லீவு கொடுக்க இவருக்கு அதிகாரம் இல்லை. ஆபரேட்டர் வேலையை மட்டும் பார்க்கச் சொல்லவும்." கையெழுத்தும் போட்டு என் மேஜையில் வீசிவிட்டுப் போனார். நான் அதை ஃபைலில் கோத்தேன். அந்த லெட்டரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருஷம் மூன்றாம் நம்பர் பம்பில் ரசாயனம் வெளியே வராமல் தடுக்கும் சீல் தேய்ந்து கசிய ஆரம்பித்தது. தன்ராஜ் பதிவேட்டில் மூன்று தடவை எழுதினார். மாற்றுவதற்குப் பம்பை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் லாரி நிற்கும், அதனால் நிறுத்தவில்லை. ஒருநாள் பட்டப்பகலில் சீல் பிய்த்துக்கொண்டது. பம்பை நிறுத்தி வால்வை மூட ஓடியவர் தன்ராஜ்தான், கை வெந்துபோனது. அதற்குள் ரசாயனம் வாய்க்காலில் கலந்துவிட்டது. பக்கத்துக் குடிசை ஜனங்கள் மூக்கில் ஈரத்துணியோடு கேட்டில் வந்து கூடிவிட்டார்கள். குழந்தைகள் கண் எரிந்து அழுதன. அதிகாரிகள் வந்தார்கள், கேமரா வந்தது. யார் பொறுப்பு என்று எல்லோரும் கேட்டார்கள்.

மறுநாள் காலை மேனேஜர் எனக்கு டிக்டேட் செய்தார். பணியில் இருந்த ஷிப்ட் ஆபீசரின் கவனக்குறைவு. எட்டாவது ஷரத்தின்படி அவருடைய பணி முடித்துக்கொள்ளப்படுகிறது. நான் டைப் செய்தேன். ஒரு தப்புகூட இல்லை.

தன்ராஜ் கட்டுப்போட்ட கையால் கடிதத்தை வாங்கிப் படித்தார். "சார்ஜ்ஷீட் இல்லியா மேடம்? என்கொயரி வெக்க மாட்டாங்களா? நான் மூணு தபா எழுதி வெச்சிகீறேனே, அத்த யாராச்சும் பாக்க வாணாமா?"

"ஆபீசருக்கு அதெல்லாம் கிடையாது தன்ராஜ்."

யூனியன்காரர்களிடம் போனார். "நீதான் கார்ட திருப்பிக் குட்த்துட்டியே நைனா, நாங்க இன்னா பண்ண?" என்றார்கள். இருந்தாலும் பாவப்பட்டு ஒரு வக்கீலைப் பிடித்துக் கொடுத்தார்கள். வழக்கு தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனது.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த நீதிமன்றம் தொழிலாளியின் வழக்கைத்தான் எடுக்கும். கம்பெனி சொன்ன ஒரே பதில், இவர் தொழிலாளியே இல்லை, ஆபீசர், ஆகவே இந்த வழக்கு இங்கே செல்லாது என்பது. பம்ப் ஏன் கசிந்தது, மூன்று தடவை எழுதியும் ஏன் மாற்றவில்லை என்ற பேச்சே அங்கே எழவில்லை. ஒரே கேள்விதான். தன்ராஜ் ஆபீசரா, ஆபரேட்டரா? ஆபரேட்டர் என்று நிரூபித்தால் வேலை திரும்பக் கிடைக்க வழி உண்டு. ஆபீசர் என்றால் கேட்டுக்கு வெளியே.

தன்ராஜ் கூண்டில் ஏறினார். கம்பெனி வக்கீல் ஒரு கட்டு லீவு லெட்டரைக் காட்டி, "இந்தக் கையெழுத்தெல்லாம் உங்களுடையதுதானே?" என்றார்.

"என்னுதுதான் சார்."

"பச்சை மையில் கையெழுத்துப் போடுகிறவர் யார்?"

நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். சொல்லாதே தன்ராஜ், சொல்லாதே என்று மனசுக்குள் அடித்துக்கொண்டேன். அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு, "ஆபீசருங்க சார்" என்றார்.

அந்தக் கட்டைத் தயார் செய்தவள் நான்தான். தன்ராஜ் சாட்சி சொல்வதற்கு இரண்டு நாள் முன்பு மேனேஜர் என்னிடம், "அவன் சீல் குத்தின லெட்டரெல்லாம் எடுத்து வரிசையா கட்டி வைங்கம்மா" என்றார். அறையை விட்டு வெளியே போகும்போது திரும்பி, "உங்க டெசிக்னேஷன் பத்தியும் அடுத்த மாசம் பேசணும்" என்றார். அவ்வளவுதான். வேறு ஒன்றுமே சொல்லவில்லை.

லெட்டர்களைப் புரட்டிக்கொண்டே வந்தபோது அந்தச் சிவப்பு மை லெட்டர் வந்தது. அதிகாரம் இல்லை, ஆபரேட்டர் வேலையை மட்டும் பார்க்கச் சொல்லவும். மேனேஜரின் கையெழுத்து. தன்ராஜுக்கு வேண்டியிருந்தது இந்த ஒரு காகிதம்தான். மேனேஜருக்கு அது மறந்தே போயிருந்தது. ஆபீஸில் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவள் நான் ஒருத்தி.

யாரும் என்னை மிரட்டவில்லை. அதை எடு என்று யாரும் சொல்லவில்லை. நானே ஃபைலிலிருந்து கழற்றி, மேஜை இழுப்பறையில் பழைய கார்பன் பேப்பர் கவருக்குள் வைத்தேன். கிழிக்கவில்லை என்பதால் தப்பில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருபது வருஷமாக அசிஸ்டென்ட், அசிஸ்டென்ட் என்றே கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துப்போயிருந்தது. எக்ஸிகியூட்டிவ் என்ற சொல்லுக்கு ஆசைப்பட்டேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் இருந்தால் இன்னும் வெட்கம்.

பிறகு கம்பெனி தரப்புச் சாட்சியாக நான் கூண்டில் ஏறினேன். தன்ராஜின் வக்கீலுக்கு அன்று பயங்கர இருமல். இருமலுக்கு நடுவே கேட்டார்.

"ஹெல்ப்பர்களின் லீவு லெட்டரில் யார் கையெழுத்து இருக்கும்?"

"ஷிப்ட் ஆபீசர் கையெழுத்து இருக்கும்."

"தன்ராஜ் கொடுத்த லீவை மேனேஜர் சிவப்பு மையில் அடித்துவிட்டார் என்று என் கட்சிக்காரர் சொல்கிறார். அப்படி ஒரு கடிதம் உண்டா?"

தன்ராஜ் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்க்கவில்லை. மேடம் சொல்லிவிடுவார்கள் என்ற நம்பிக்கையோடு பார்த்தார்.

"அப்படி ஒரு கடிதம் ஃபைலில் இல்லை" என்றேன்.

உண்மைதானே? ஃபைலில் இல்லை. இழுப்பறையில் இருந்தது. நீங்களும் ஒருநாள் இப்படி உண்மை பேசுவீர்கள், பாருங்கள். நாக்கு கூசவே கூசாது. அதுதான் பயங்கரம்.

தன்ராஜ் தொழிலாளி அல்ல என்று தீர்ப்பானது. மேலே போக அவருக்குத் தெம்பு இல்லை. அடுத்த மாதம் நான் எக்ஸிகியூட்டிவ் ஆனேன். விசிட்டிங் கார்டு ஒரு பெட்டி நிறைய அடித்துக் கொடுத்தார்கள். அதை யாருக்கும் கொடுக்க வேண்டி வரவில்லை. பின்பக்கத்தில் மளிகைச் சாமான் எழுதப் பயன்பட்டது.

ரிட்டையர் ஆன அன்று இழுப்பறையைக் காலி செய்தபோது அந்தக் கவர் கையில் வந்தது. வீட்டுக்கு எடுத்து வந்து பீரோவில் வைத்தேன். இரண்டு மாதம் பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அது அங்கே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதை எடுத்துக்கொண்டு வியாசர்பாடிக்குப் போனேன்.

மூன்றாவது மாடி. கதவு திறந்தே இருந்தது. சுவரில் புத்தர் படம், கீழே ஊதுவத்தி. தன்ராஜ் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நீலச் சட்டை, பெல்ட், கழுத்தில் அடையாள அட்டை. திருவொற்றியூரில் ஒரு குடோன் வாசலில் வாட்ச்மேன் வேலை. என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டு நின்றார். பிறகு அட்டையைத் தூக்கிக் காட்டினார். அதில் செக்யூரிட்டி ஆபீசர் என்று இருந்தது.

"ஆபீசர் பட்டம் என்ன வுட மாட்டேங்குது மேடம்" என்று சிரித்தார்.

அவர் மனைவி குணசுந்தரி தரையில் உட்கார்ந்து கானாங்கத்த மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். நான் கவரைத் திறந்து லெட்டரைத் தன்ராஜிடம் கொடுத்தேன்.

படித்தார். மறுபடி படித்தார்.

"இது அப்பவே உங்களாண்ட இருந்துதா?"

"இருந்தது."

என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டத் தயாராகித்தான் போயிருந்தேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை. மனைவியிடம் ஓடி, அவள் கை ஈரமாக இருந்ததால், லெட்டரை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார். "இந்தா பாரு குணா! இருந்துச்சி! நான் சொன்னேன் இல்ல, இருந்துச்சி! மெய்யாலுமே இருந்துச்சி!" சத்தம் போட்டுச் சொன்னார். பிறகு அப்படியே கீழே உட்கார்ந்து அழுதார். "நானே சந்தேகப்பட்டுட்டேன். சும்மா கனா கண்டுகினு ஒளர்றேனோன்னு நானே சந்தேகப்பட்டேன் குணா."

குணசுந்தரி கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். எழுந்து என் எதிரே வந்து நின்றாள்.

"நானும் இந்த மனுசன நம்பல. லெட்டரு கீது, லெட்டரு கீதுன்னு சொல்லிகினே இருந்தாரு. அந்தம்மா சத்தியம் பண்ணி கோர்ட்ல இல்லன்னு சொல்லிச்சே, படிச்ச பொம்பள பொய்யா சொல்லும்னு நானே இவர பேசிட்டேன். எம் பொண்ணு இன்னிக்கி நர்ஸ் வேல பாக்குறா. எங்கப்பா தப்பு பண்ணிட்டு கத வுடுறாருன்னு அது இவரோட மொகம் குட்த்துப் பேசி எத்தினி வருசம் ஆச்சி தெரியுமா? இப்ப வந்து நீட்டுறியே, இன்னாத்துக்கு?"

"மன்னிச்சுடும்மா" என்றேன்.

"மன்னிப்பு கெடக்கட்டும். எழுதிக் குடு. எம் பொண்ணு படிக்கிற மாதிரி எழுதிக் குடு."

அலமாரியிலிருந்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, பேனாவும் கொண்டுவந்தாள். பச்சை மைப் பேனா. வீட்டில் வேறு பேனா இல்லையோ, வேண்டுமென்றே கொடுத்தாளோ, எனக்குத் தெரியாது. சுவரில் காகிதத்தை வைத்து நின்றபடியே எழுதினேன். தன்ராஜ் ஆபீசராக ஒருநாளும் இருந்ததில்லை. அவர் பம்ப் ஆபரேட்டர். பம்ப் கசிகிறது என்று மூன்று தடவை எழுதி வைத்தவர் அவர். அந்தக் கடிதம் இருந்தது. அதை ஒளித்து வைத்தது நான்.

எத்தனையோ பேருக்கு ஆர்டர் அடித்திருக்கிறேன். ஒரு மனிதன் என்ன வேலை செய்தான் என்பதை உள்ளது உள்ளபடி எழுதியது அன்றைக்குத்தான்.

கீழே பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துக்குக் கீழே பதவியை எழுதுவது முப்பத்தொரு வருஷப் பழக்கம். கை தானாக அங்கே போய் நின்றது.

"இன்னா நின்னுட்ட? எழுது" என்றாள் குணசுந்தரி.

டைப்பிஸ்ட் என்று எழுதினேன்.

அவள் காகிதத்தை வாங்கி, மை காய ஊதினாள். மகளின் சர்டிபிகேட்டுகள் இருக்கும் பிளாஸ்டிக் கவரில் அதையும் சிவப்பு மை லெட்டரையும் சேர்த்து வைத்தாள். பிறகு மீன் கழுவ உட்கார்ந்துவிட்டாள். கடைசிவரை என்னை உட்காரச் சொல்லவில்லை.